‘ஓடாது’ என்ற படம் ஓடியது! ‘ஓடும்’ என்ற படம் கவிழ்ந்தது! ஹாலிவுட் வசூல் ஜோசியர்களை இரண்டு தடவை குப்புறத் தள்ளிய நடிகர்

ஒரே நடிகர். ஒரே வேஷம். இரண்டு கோடை காலம். நடுவில் 34 வருஷம்.

முதல் தடவை, இந்த ஆளைப் போட்டால் படம் படுத்துவிடும் என்று ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். படம் வசூலில் சக்கைப்போடு போட்டது. இரண்டாவது தடவை, இந்த ஆள் வந்தால் கூட்டம் அள்ளும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. படம் இரண்டாவது வாரமே மூச்சு வாங்கியது.

அந்த நடிகர் மைக்கேல் கீட்டன். வேஷம், பேட்மேன் என்கிற வவ்வால் மனிதன். இரண்டு படத்தையும் வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ் கம்பெனி.

அமெரிக்காவில் கோடை என்றால் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. மே மாதம் தொடங்கி ஆகஸ்டு வரை பெரிய பட்ஜெட் படங்கள் வாரத்துக்கு ஒன்று வந்து இறங்கும். முகமூடி, அங்கி, பறக்கிற வித்தை எல்லாம் உள்ள சூப்பர் ஹீரோ படங்களுக்கு அதுதான் சீசன். எது எவ்வளவு வசூலிக்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சொல்வதை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது. அவர்கள் கோட்டை விட்டால் யார் தலையில் விழுகிறது? விவரம் வருமாறு:

50 ஆயிரம் கடிதம்

1988ல் பேட்மேன் படத்துக்கு ஹீரோ யார் என்ற செய்தி வெளியானது. டைரக்டர் டிம் பர்ட்டன். ஹீரோ மைக்கேல் கீட்டன் என்றதும் ரசிகர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம், அப்போது அவர் சிரிப்பு நடிகர். அதே டைரக்டரின் ‘பீட்டில்ஜூஸ்’ படத்தில் அந்த வருஷம்தான் பேயாக வந்து சிரிக்க வைத்திருந்தார். காமிக்ஸ் புத்தகத்தில் வருகிற பேட்மேன் மாதிரி வாட்டசாட்டமும் கிடையாது.

1966ல் தொடங்கிய ஒரு டெலிவிஷன் தொடர் பேட்மேனைக் கேலிக்கூத்தாக்கி வைத்திருந்தது. மறுபடியும் அதே கூத்தா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். வார்னர் கம்பெனிக்கு 50 ஆயிரம் கண்டனக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். பங்கு மார்க்கெட் சமாசாரம் எழுதுகிற ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகைகூட இதைச் செய்தியாகப் போட்டது. பட அதிபர்கள் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.

கம்பெனி அவசர அவசரமாக ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு முன்னோட்டத்தை வெட்டி ஒட்டித் தியேட்டர்களுக்கு அனுப்பியது. அதில் பாட்டு, மியூசிக் எதுவும் கிடையாது. அங்கேதான் கதை திரும்பியது. வேறு ஏதோ படத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், இந்த முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. பஸ் நிறுத்தங்களில் கண்ணாடிக்குள் வைத்திருந்த பேட்மேன் போஸ்டர்களைக் கண்ணாடியை உடைத்துத் திருடினார்கள்.

திருட்டு, கொள்ளை எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அத்தனை கணிப்பிலும் நம்பத் தகுந்தது இந்தத் திருட்டுதான். ஓடாத படத்தின் போஸ்டருக்காக எவனும் கையில் கண்ணாடி குத்திக்கொள்ள மாட்டான்.

ஒரே வாரத்தில் சாதனை காலி

1989 ஜூன் 23ந்தேதி வெள்ளிக்கிழமை பேட்மேன் வெளியானது. மொத்தம் 2,194 தியேட்டர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் 4 கோடியே 5 லட்சம் டாலர் வசூல்! அதற்கு முந்தைய வாரம்தான் ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ இரண்டாம் பாகம் 2 கோடியே 95 லட்சம் வசூலித்துப் புதிய சாதனை என்று மார்தட்டியது. அந்தச் சாதனை ஏழே நாளில் காலி.

இரண்டாவது வார இறுதியிலும் 3 கோடி. கடைசியில் அமெரிக்கா, கனடாவில் மட்டும் 25 கோடி டாலர். ஜோக்கராக வந்த ஜாக் நிக்கல்சன் வசூலில் பங்கு என்று எழுதி வாங்கியிருந்தார். சம்பளத்தைவிடப் பல மடங்கு பணம் அவருக்குப் பங்காகவே வந்து சேர்ந்தது. பனியன், தொப்பி, பொம்மை விற்றவர்கள் பிழைத்தார்கள். கடிதம் எழுதியவர்களில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்களோ, அதை யாரும் எண்ணவில்லை.

ஜோசியம் பார்ப்பது எப்படி?

இது கைரேகை ஜோசியம் இல்லை. மெனக்கெட்டுச் செய்கிற வேலை.

படம் வெளியாக மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது பொதுஜனங்களிடம் கேள்வி கேட்பார்கள். முன்பு டெலிபோனில், இப்போது கம்ப்யூட்டரில். வரப்போகிற படம் எது தெரியுமா என்பது முதல் கேள்வி. பெயரைச் சொன்னால் ஞாபகம் வருகிறதா என்பது இரண்டாவது. கட்டாயம் பார்ப்பீர்களா, பார்த்தால் எதை முதலில் பார்ப்பீர்கள் என்று அடுத்தடுத்துப் போகும். ஆண், பெண், 25 வயதுக்குக் கீழே, மேலே என்று நாலு கூறாகப் பிரித்துக் கூட்டிக் கழிப்பார்கள். 1978ல் ஜோசப் பேரல் என்பவர் தொடங்கிய கம்பெனி இதைப் பெரிய தொழிலாகவே ஆக்கிவிட்டது.

அடுத்தது முன்பதிவு. இதே மாதிரி முந்தைய படத்துக்கு இத்தனை நாள் முன்னே எத்தனை டிக்கெட் விற்றது, இதற்கு எத்தனை என்று ஒப்பிடுவது. வியாழக்கிழமை இரவுக் காட்சி, வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி வசூல் வந்தவுடன் மூன்று நாள் கணக்கை அதிலிருந்து பெருக்கிச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு இன்னொரு வேலை நடக்கும். சினிமாஸ்கோர் என்ற நிறுவனத்தின் ஆட்கள் தியேட்டர் வாசலில் அட்டையோடு நிற்பார்கள். படம் பார்க்க வந்தவர்களிடமே மார்க் வாங்குவார்கள். எட் மின்ட்ஸ் என்பவர் 1978ல் ஒரு படத்துக்குப் போய் ஏமாந்து, காசு கொடுத்துப் பார்க்கிறவன் என்ன நினைக்கிறான் என்று யாராவது கேட்க வேண்டாமா என்று ஆரம்பித்தது இது. ‘ஏ’ வாங்கினால் படம் நிற்கும். சூப்பர் ஹீரோ படத்துக்கு ‘பி’ என்றாலே கம்பெனிக்குத் தூக்கம் போய்விடும். அந்த ஹீரோவுக்காகவே முதல் நாள் அடித்துப் பிடித்து வந்தவர்களே ‘பி’ போட்டால், மற்றவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

இத்தனையும் தாண்டி ஒரு ஓட்டை இருக்கிறது. முன்கூட்டிப் பேசுகிறவன் வேறு, கவுண்டரில் காசை நீட்டுகிறவன் வேறு. 1989ல் கம்பெனியை மிரட்டியது கடிதம் எழுதியவர்கள். கூட்டமாக வந்தது ஒரு வரிகூட எழுதாதவர்கள். 2023ல் நடந்தது இதற்கு நேர் எதிர்.

பாராட்டு மழை

படத்தின் பெயர் ‘தி பிளாஷ்’. மின்னல் வேகத்தில் ஓடும் ஹீரோ கதை. செலவு 20 கோடி டாலருக்கும் மேல், விளம்பரம் தனி. 1992ல் பேட்மேன் இரண்டாம் பாகத்தோடு அங்கியைக் கழற்றி வைத்த கீட்டன், முப்பது வருஷம் கழித்து இதில் பேட்மேனாக மறுபடி வருகிறார். அவர் முகத்தை வைத்தே விளம்பரம் தூள் பறந்தது.

2023 ஜனவரியில், கம்பெனியின் புதிய சூப்பர் ஹீரோ பிரிவுத் தலைவர் ஜேம்ஸ் கன், இது மிகச்சிறந்த சூப்பர் ஹீரோ படங்களில் ஒன்று என்றார். எழுத்தாளர் ஸ்டீபன் கிங் முன்னதாகவே பார்த்துவிட்டுப் புகழ்ந்தார். ஏப்ரல் மாதம் லாஸ் வேகாஸ் நகரில் தியேட்டர் அதிபர்கள் மாநாடு. வேலை முழுவதும் முடியாத படத்தை அப்படியே போட்டுக் காட்டினார்கள். தியேட்டர்காரர்களும் தட்டிக்கொடுத்தார்கள்.

கணிப்பு எகிறியது. ஆரம்பத்தில் சிலர் முதல் மூன்று நாளில் 10 கோடி டாலரைத் தாண்டும் என்றார்கள். பிறகு 7 கோடிக்கு மேல் என்று இறங்கி வந்தார்கள்.

2023 ஜூன் 16ந்தேதி படம் வந்தது. தியேட்டர்கள் 4,200க்கும் மேல். மூன்று நாள் வசூல் ஐந்தரைக் கோடி டாலர்தான். சினிமாஸ்கோர் மார்க் ‘பி’. அடுத்த வார இறுதியில் ஒன்றரைக் கோடி! ஐந்தரை ஒன்றரை ஆனால் எவ்வளவு சரிவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிவரை ஓட்டியும் அமெரிக்கா, கனடாவில் 11 கோடியைத் தொடவில்லை. உலகம் முழுக்கச் சேர்த்து 27 கோடி. அதில் ஏறக்குறையப் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும்.

இதில் ஒரு கணக்கு கவனிக்க வேண்டியது. 1989ல் அமெரிக்காவில் ஒரு டிக்கெட் சராசரியாக 4 டாலர். அப்படியானால் பேட்மேனை முதல் மூன்று நாளில் பார்த்தது ஒரு கோடிப் பேர். 2023ல் டிக்கெட் விலை 10 டாலருக்கு மேல். ஐந்தரைக் கோடி டாலர் என்றால் சுமார் 52 லட்சம் பேர். தியேட்டர் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆகியும் ஆள் பாதி. காசை எண்ணினால் உயர்ந்த மாதிரி தெரியும். தலையை எண்ணினால்தான் உண்மை தெரியும்.

கடையை மூடுகிறோம் என்று போர்டு

ஏன் தோற்றது? சூப்பர் ஹீரோ படமே ஜனங்களுக்குச் சலித்துவிட்டது என்றார்கள். அது முழுக்கச் சரியில்லை. அதே மாதம் 2ந்தேதி வந்த ‘ஸ்பைடர்மேன்’ கார்ட்டூன் படம் மூன்று நாளில் 12 கோடி டாலர் வசூலித்திருந்தது. மே மாதம் வந்த ‘கார்டியன்ஸ் ஆப் தி கேலக்ஸி’ மூன்றாம் பாகமும் ஏறக்குறைய அவ்வளவே.

ஹீரோ எஸ்ரா மில்லர் 2022ல் கைது, வழக்கு என்று பத்திரிகைகளில் அடிபட்டவர். ஊர் ஊராகப் போய்ப் பேட்டி கொடுத்துப் படத்தை விற்க ஆள் இல்லை. அதைவிடப் பெரிய தப்பு கம்பெனி செய்ததுதான் என்பது என் எண்ணம். பழைய கதை வரிசையை முடித்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கப்போகிறோம் என்று 2023 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். கடையை மூடப்போகிறோம் என்று வாசலில் போர்டு மாட்டிவிட்டு உள்ளே புதுச்சரக்கு விற்றால் வாங்க யார் வருவார்கள்?

கீட்டன் விஷயத்துக்கு வருவோம். 1989ல் 20 வயதில் வரிசையில் நின்றவனுக்கு 2023ல் 54 வயது. அவனுக்கு ஆசை இருந்திருக்கும். ஆனால் முதல் நாள் இரவுக் காட்சிக்கு முண்டியடிக்கிற வயது இல்லை. இன்றைய 20 வயசுப் பையனுக்கோ அவர் அப்பா காலத்து பேட்மேன். லாஸ் வேகாசில் கைதட்டிய தியேட்டர் அதிபர்கள் எந்த வயசுக்காரர்கள் என்று யாராவது பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடி யாருக்கு?

பட அதிபருக்கு நஷ்டம் என்றால் நாலு பேர் அனுதாபப்பட மாட்டார்கள். ஆனால் கணிப்பு தப்பினால் அடி கீழேயும் விழுகிறது.

பெரிய படம் வேண்டுமானால் பெரிய ஹாலில் இத்தனை வாரம் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்று கம்பெனிகள் தியேட்டர்காரரிடம் ஒப்பந்தம் போடுவது வழக்கம். முதல் வாரங்களில் டிக்கெட் பணத்தில் பாதிக்கு மேல் கம்பெனிக்கு. தியேட்டர்காரர் பிழைப்பது சோளப்பொரியிலும் குளிர்பானத்திலும்தான். கூட்டமே இல்லாத ஹாலில் சோளப்பொரி யார் வாங்குவார்? கூட்டம் வரும் என்று நம்பி ஆள் போட்டிருப்பார்கள். வரவில்லையென்றால் வேலை நேரத்தைக் குறைப்பார்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குகிற டிக்கெட் கிழிக்கும் பையனுக்கு அந்த வாரச் சம்பளத்தில் துண்டு விழும்.

அந்தக் கோடையில் நிலைமை இன்னும் மோசம். ரீகல் தியேட்டர்களை நடத்தும் சினிவேர்ல்டு கம்பெனி 2022 செப்டம்பரில் திவால் மனு கொடுத்திருந்தது. 2023 தொடக்கத்தில் 39 ரீகல் தியேட்டர்களைக் கைகழுவப் போவதாகக் கோர்ட்டில் சொன்னது. ‘தி பிளாஷ்’ வந்தபோது கம்பெனி அந்தத் திவால் வழக்கில்தான் கிடந்தது. ஜூலை கடைசியில்தான் வெளியே வந்தது. ஆக, ஐந்தரைக் கோடியா, பத்துக் கோடியா என்பது அவர்களுக்குப் பத்திரிகைச் செய்தி மட்டும் இல்லை.

ஐந்தே வாரத்தில் தலைகீழ்

வேடிக்கை என்ன தெரியுமா? அதே வார்னர் கம்பெனி, அதே கோடையில், சரியாக ஐந்து வாரம் கழித்து ஜூலை 21ந்தேதி ‘பார்பி’ பொம்மைப் படத்தை வெளியிட்டது. அதிலும் ஜோசியர்கள் தவறினார்கள். இந்தத் தடவை குறைத்துச் சொல்லி! மூன்று நாள் வசூல் 16 கோடியே 20 லட்சம். உலக வசூல் 144 கோடி டாலர். முகமூடியும் இல்லை, அங்கியும் இல்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாக ரோஸ் கலர் உடை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இங்கே ஒரு ரகசியம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ‘மூன்று நாள் வசூல்’ என்று ஹாலிவுட் அறிவிக்கும். ஞாயிறு மாலைக் காட்சிக்கு அப்போது ஆளே உள்ளே போயிருக்க மாட்டான்! அந்த நாள் கணக்கு வெறும் உத்தேசம். திங்கட்கிழமைதான் அசல் கணக்கு வரும். பார்பிக்கு ஞாயிறு சொன்னது பதினைந்தரைக் கோடி. திங்களன்று அது 70 லட்சம் கூடியது. 2008 ஜூலையில் வந்த ‘தி டார்க் நைட்’ என்ற பேட்மேன் படத்துக்கும் இப்படித்தான் 30 லட்சம் கூடியது. ஆக, நடந்து முடிந்த வசூல் என்று நாம் படிக்கிற செய்தியே பாதி ஜோசியம்தான்.

வெங்காயத்தோடு சினிமா!

இவ்வளவு ஏறி இறங்குகிற விஷயத்தில் அமெரிக்காக்காரன் பந்தயம் கட்டமாட்டானா என்று கேட்பீர்கள். கட்டத்தான் பார்த்தான்.

‘ஹாலிவுட் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்’ என்று 1996லேயே ஒன்று வந்தது. படங்களைப் பங்கு மாதிரி வாங்கலாம், விற்கலாம். ஆனால் பொய்ப் பணம், வெறும் விளையாட்டு. 2010ல் நிஜப் பணத்தோடு வியாபாரம் செய்ய இரண்டு கம்பெனிகள் கிளம்பின. ஒரு படம் முதலில் இவ்வளவு வசூலிக்கும் என்று முன்பேர வியாபாரம். கோதுமைக்கும் சோளத்துக்கும் நடக்கிறதே, அது மாதிரி. அரசாங்கக் கமிஷன் அந்த ஜூனில் அனுமதியும் கொடுத்தது. ஓட்டெடுப்பு மூன்றுக்கு இரண்டு.

பட அதிபர்கள் ஒன்று திரண்டு எதிர்த்தார்கள். படம் ஓடாது என்று பணம் கட்டியவன், ஓடாமல் இருக்க என்னவெல்லாம் வதந்தி கிளப்புவான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2010 ஜூலை 21ந்தேதி ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில், சினிமா வசூல் மீது முன்பேரம் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தது. கடை திறக்கும் முன்னே பூட்டு!

அமெரிக்காவில் அதுவரை முன்பேரத்துக்கு இப்படிச் சட்டம் போட்டுத் தடுத்த சரக்கு ஒன்றுதான். வெங்காயம்! 1955ல் இரண்டு வியாபாரிகள் சேர்ந்து சிகாகோ மார்க்கெட்டில் வெங்காயத்தை மொத்தமாக வளைத்துப் பதுக்கினார்கள். பிறகு விலை இறங்கும் என்று பந்தயம் கட்டிவிட்டுச் சரக்கைக் கொட்டினார்கள். 50 பவுண்டு மூட்டை 10 சென்டுக்கு வந்தது. காலிச் சாக்கு அதைவிட விலை அதிகம். விவசாயி நடுத்தெருவுக்கு வந்தான். 1958ல் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முன்னின்றவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு போர்டு. அந்தப் பட்டியலில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் சினிமா போய் உட்கார்ந்தது.

பெட்டிக்குள் பேட்கேர்ள்

வெளியாள் பந்தயம் கட்ட முடியாது. ஆனால் ஒரு கம்பெனி தன் படத்துக்கு எதிராகத் தானே பந்தயம் கட்டலாம் போலிருக்கிறது.

2022 ஆகஸ்டு மாதம். வார்னர் கம்பெனி கைமாறிப் புதிய நிர்வாகம் வந்திருந்தது. தலைக்கு மேல் சுமார் 5 ஆயிரம் கோடி டாலர் கடன். ‘பேட்கேர்ள்’ என்று ஒரு சூப்பர் ஹீரோ படம், வீட்டிலேயே பார்க்கிற ஸ்ட்ரீமிங் சேவைக்காக எடுத்தது, படப்பிடிப்பு முடிந்து வேலை நடந்துகொண்டிருந்தது. செலவு 9 கோடி டாலர். அதிலும் மைக்கேல் கீட்டன்தான் பேட்மேன். தியேட்டரில் விட்டாலும் பிரயோஜனம் இல்லை, வீட்டுக்கு அனுப்பினாலும் பிரயோஜனம் இல்லை என்று புதிய முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். படத்தை வெளியிடுவதே இல்லை என்று முடிவு செய்து, நஷ்டக் கணக்கில் எழுதி வரியில் சலுகை தேடிக்கொண்டார்கள். டைரக்டர்கள் இருவருக்கும் அதிர்ச்சி. ஒருவர் தம் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்த சமயம்.

அந்தக் கணிப்பு சரியா, தப்பா? சோதித்துப் பார்க்க வழியில்லை. ‘தி பிளாஷ்’ நிச்சயம் ஓடும் என்று சொன்னதும் அதே நிர்வாகம்தான்.

பேட்கேர்ள் படத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் ஸ்டூடியோவுக்கு உள்ளேயே ரகசியமாகச் சில காட்சிகள் போட்டுக் காட்டப்பட்டதாக அந்த மாதம் செய்தி வந்தது. டிக்கெட் கிடையாது. வசூலும் கிடையாது.